அரட்டை அரங்கத்து விசு



எங்கள் ஊராகிய குச்சனூருக்கு அண்மையில் சின்னமனூர் இருக்கிறது. அங்குக் கிடைத்த செப்பேடுகளைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கலாம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேடு, பாண்டியர் குலமுறையை வரிசையாகக் கூறுகிறது; அவர்கள் வென்ற போர்களைக் கூறுகிறது; மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் கூறுகிறது. இத்தனையும் கூறும் அச்செப்பேட்டில், அதே நாளில் ஆற்றங்கரை வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி என்ன நினைத்தாள், எதற்கு அஞ்சினாள், தன் மக்கள் எவ்வாறு வாழவேண்டுமென்று விரும்பினாள் என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. இருக்கவும் இயலாது. செப்பேடு மன்னனுடைய வாய். நாற்று நட்டவளுக்கு அப்படி ஒரு வாயை அந்நாளில் எவரும் செய்து கொடுக்கவில்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், தமிழகத்துச் சாதாரண மக்கள் எதைப்பற்றிக் கவலையுற்றனர், எதைக் கண்டு சிரித்தனர், எந்தச் சொற்களால் தம் மனத்தை வெளியிட்டனர் என்று நாளைய வரலாற்றாசிரியன் ஒருவன் அறிய விரும்பினால், அவன் தேடிச் செல்லவேண்டிய இடங்களுள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருக்கும். அதன் பெயர் அரட்டை அரங்கம். அதனை நடத்தியவர் விசு.

திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றி, பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன் வானொலியில் வரலாற்றுப் பேச்சு நிகழ்த்துவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு என் விடை இதுதான்: கேட்பது ஒரு கலை. அக்கலையின் வரலாற்றில் விசுவுக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் எது, அதன் அளவு எவ்வளவு என்று ஆராய்வது வரலாற்று மாணவனின் வேலையன்றி வேறென்ன?

விசுவின் இயற்பெயர் எம். ஆர். விசுவநாதன். 1945-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் பிறந்தவர். மேடை நாடகமே அவருக்குப் பள்ளிக்கூடம். சென்னை நகரத்துச் சபாக்களில் நாடகம் எழுதியும் நடித்தும் வளர்ந்தார். அவருடைய நாடகமாகிய பட்டினப்பிரவேசத்தை 1977-இல் இயக்குநர் பாலசந்தர் திரைப்படமாக்கினார். 1981-இல் வெளிவந்த தில்லுமுல்லு, நெற்றிக்கண் ஆகிய படங்களில் அவருடைய எழுத்து இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே குடும்பம் ஒரு கதம்பம் படத்தில் நடிகராகவும் திரைக்கு வந்தார். மறு ஆண்டு மணல் கயிறு. திருமணத் தரகராகிய நாரதர் நாயுடுவை உங்கள் பெற்றோர் இன்றும் நினைவு வைத்திருப்பர். 1986-இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக அவர் எழுதி இயக்கிய சம்சாரம் அது மின்சாரம், நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

இப்பட்டியலை நான் நீட்டப் போவதில்லை. அவருடைய படங்களைப் பற்றி எழுதப் பலர் உளர். அவற்றில் நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். விசுவின் படங்களில் மலையும் அருவியும் மிகுதியாக வாரா. ஒரு வீடு வரும். அவ்வீட்டில் ஒரு கூடம் வரும். கூடத்தில் தந்தை, தாய், மூத்த மகன், மருமகள், இளைய மகன், மகள், வேலைக்காரி முதலிய எட்டுப் பேர் நின்று வாதிடுவர். அவ்வெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கும். சம்சாரம் அது மின்சாரத்தில் தந்தைக்கும் மூத்த மகனுக்கும் மூண்ட பிணக்கால் வீட்டின் நடுவே கோடு கிழிக்கும் காட்சி வருகிறது. கோட்டுக்கு இப்புறம் இருப்பவர் சொல்வதும் நமக்குச் சரியாகத் தோன்றும்; அப்புறம் இருப்பவர் சொல்வதும் முற்றும் தவறாகத் தோன்றாது. நாடகக்காரனுக்கு இருக்கவேண்டிய முதற்பயிற்சி இதுவே. தனக்கு உடன்பாடில்லாதவனுக்கும் நல்ல வாதத்தை எழுதிக் கொடுக்க அவன் அறிந்திருக்க வேண்டும். பின்னாளில் தொலைக்காட்சிக்கு வந்தபோது விசு செய்ததெல்லாம் அந்தக் கூடத்தை அகலமாக்கியதுதான் என்பது என் கருத்து. எட்டுப் பேர் நின்ற கூடத்தில் எண்ணூறு பேர் வந்து அமர்ந்தனர்.

அவர் வருமுன் இத்துறை எவ்வாறு இருந்தது என்று சிறிது பின்னோக்கிப் பார்ப்போம்.

சென்னையில் அகில இந்திய வானொலி 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கிற்று. திருச்சி நிலையம் அடுத்த ஆண்டு மே திங்களில் தொடங்கிற்று. தொடக்க நாள்களில் வானொலியில் பேசியோர் கற்றோரும் கலைஞருமே. நாட்டுப்புறத்து மனிதனின் குரலை முதன்முதலில் காற்றில் ஏற்றியவை உழவர் நிகழ்ச்சிகள். வேளாண் அலுவலர் கேட்பார். உழவர் விடை கூறுவார். என்ன விதைத்தீர்கள், எத்தனை மூட்டை கண்டீர்கள் என்ற அளவில் உரையாடல் நடக்கும். அதன் பயன் சிறிதன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல், வானொலி வழியாகத் தஞ்சை வட்டாரத்தில் பரவியபோது, உழவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டு விட்டனர். விதைக்கே வானொலியின் பெயரை இட்ட மக்கள் நம் மக்கள்! ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கேள்வி அலுவலருடையது. விடை மட்டுமே உழவருடையது. உழவர் தாமாக ஒரு பொருளை எடுத்து, இதைப்பற்றி என் எண்ணம் இது என்று நீளப் பேசுவதற்கு அந்நிகழ்ச்சிகளில் இடம் அரிது.

தொலைக்காட்சி சென்னைக்கு வந்தது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள். அதற்கு முன்பே பிற இடங்களில் தொலைக்காட்சிப் பேட்டி ஒரு தனிக்கலையாக வளர்ந்து விட்டது. இங்கிலாந்தில் மைக்கேல் பார்க்கின்சன் என்பார் 1971-இல் பி.பி.சி.யில் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி முதலிய உலகப் புகழ்பெற்றோர் பலர் அவர் எதிரே அமர்ந்து பேசினர். 2023-இல் அவர் மறைந்தபோது அந்நாடே தன் வீட்டு மனிதர் ஒருவரை இழந்ததுபோல் வருந்திற்று. நம் நாட்டில், பம்பாய்த் தொலைக்காட்சியில் 1972-இல் தொடங்கி 1993 வரை, இருபத்தோர் ஆண்டுகள், தபசும் என்னும் அம்மையார் திரையுலகத்தாரை அழைத்து இந்தியில் உரையாடினார். குழந்தை நட்சத்திரமாகத் திரையில் வளர்ந்தவர் அவர். சிரித்த முகமும் காதருகே ஒரு மலருமாகத் தோன்றுவார். அவரும் 2022-இல் மறைந்தார்.

இவ்விருவரும் புகழ்பெற்றோரை அழைத்துப் பேசினர். பார்ப்பவர் மனத்தில், இவ்வளவு பெரிய மனிதரும் நம்மைப் போன்றவர்தாமா என்ற வியப்பு எழும். மற்றொரு வழியைக் கண்டவர் அமெரிக்க நாட்டின் பில் டோனாகூ என்பார். 1967-இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தம் நிகழ்ச்சியைத் தொடங்கிய அவர், அரங்கில் அமர்ந்திருந்த இல்லத்தரசியர் கேட்கும் கேள்விகள் தம் கேள்விகளைவிடக் கூர்மையாக இருப்பதைக் கண்டார். உடனே ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டிறங்கி அவர்களிடையே நடக்கத் தொடங்கினார். சிறிய செயல்போலத் தோன்றும். ஆனால் மேடைக்கும் அவைக்கும் இடையே இருந்த சுவர் அந்த நடையில்தான் இடிந்தது.

விசு டோனாகூவைப் பார்த்துக் கற்றார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டிய மூலப்பொருள் தமிழ் மண்ணிலேயே கிடந்தது. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலைக் காலத்திலேயே வழங்கிய பழஞ்சொல். அதனைக் கோயில் விழாக்களிலும் ஊர் மேடைகளிலும் பொதுமக்கள் விரும்பும் பட்டிமன்றமாக வளர்த்த பெருமை குன்றக்குடி அடிகளாருக்கு உரியது. பின்னர் மதுரைப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதனைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற இனிய விருந்தாக்கினார். பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர், இரண்டு அணிகள், அணிக்குச் சிலர். அவர்கள் பேசுவர், ஆயிரம் பேர் கேட்டுக் கைதட்டுவர். கைதட்டுவோருள் ஒருவருக்கு, ஐயா, என் வீட்டில் நடந்தது வேறு என்று சொல்லத் தோன்றினாலும், அவர் அதனை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

விசு அந்தக் கைதட்டுவோர் பக்கம் ஒலிவாங்கியைத் திருப்பினார். 1993-இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில், அப்பத்தாண்டிலேயே அரட்டை அரங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரலாயிற்று. தமிழகத்தின் பல ஊர்களுக்கும், கடல் கடந்து தமிழர் வாழும் இடங்களுக்கும் அவ்வரங்கம் சென்றது. ஓர் ஊரில் ஒரு மண்டபம், ஒரு பொருள், அப்பொருளைப் பற்றிப் பேச விரும்பும் உள்ளூர் மக்கள். கல்லூரி மாணவி எழுந்து பேசுவாள். அடுத்து ஒரு தச்சர் எழுவார். அடுத்து ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். அடுத்து, காலெட்டி நின்றால்தான் ஒலிவாங்கி எட்டும் ஒரு சிறுவன். வரதட்சணை, மதுப்பழக்கம், வேலையின்மை, முதியோரைக் கைவிடுதல், வெளிநாட்டு மோகம் என்று நாட்டு நடப்பெல்லாம் அங்கு வந்தன. பேசுவோர் பெயரை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. பெரும்பாலும் அதற்குப் பின்னும் கேட்கப் போவதில்லை. அந்த மூன்று நான்கு நிமிடம் மட்டும் தமிழுலகம் அவர்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பெயரையும் பாருங்கள். அரட்டை என்பது ஆசிரியர்களுக்குப் பகையான சொல். அரட்டை அடிக்காதே என்று மேசையைத் தட்டாத ஆசிரியர் உண்டோ? சாவடியிலும் மந்தையிலும் தேநீர்க் கடைப் பலகையிலும் நடக்கும் பேச்சை நாம் வீண்பேச்சு என்று ஒதுக்கி வைத்தோம். ஊரின் உண்மையான சிந்தனை அங்கேதான் நடக்கிறது என்று கண்டு, அச்சொல்லுக்கே ஓர் அரங்கத்தை அமைத்துத் தந்தார் விசு. அரட்டையும் அரங்கமும் சேர்ந்த சேர்க்கை ஓசைக்காக மட்டும் அமைந்ததென்று நான் நினைக்கவில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தொலைக்காட்சி எளிதில் வந்துவிடவில்லை. மேற்கே மலை, கிழக்கே மேகமலை, நடுவே நாங்கள். கூரைமேல் நீண்ட இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் அலைவாங்கியைக் கட்டிக் கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பி வைத்த காலம் ஒன்று இருந்தது. காற்றடித்தால் படம் போய்விடும். ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், மற்றொருவர் கீழேயிருந்து தெரிகிறது, தெரியவில்லை என்று கூவுவார். பின்னர்க் கம்பிவழி ஒளிபரப்பு தெருத்தெருவாக வந்தது. அரட்டை அரங்கம் எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கம்பி வழியேதான். குச்சனூரில் சனிக்கிழமை என்றால் சனீசுவரர் கோயிலுக்கு வரும் கூட்டம் தெருவை நிறைக்கும்; ஆடித் திங்களில் சொல்லவே வேண்டா. மறுநாள் ஞாயிறு முற்பகல் அத்தெருக்கள் ஓய்ந்து கிடக்கும். வீட்டுக்கு வீடு விசுவின் குரல் கேட்கும்.

அக்குரல் தனித்தன்மை உடையது. ஒரு சொல்லை எடுத்து நான்கு வகையாகப் புரட்டுவார். வாக்கியம் நீண்டுகொண்டே போகும். வினைமுற்று எங்கே வந்து விழும் என்று கேட்போர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பர். அது விழும்போது கைதட்டல் எழும். சபா நாடகத்தில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டிப் பழகிய பேச்சு அது. திங்கட்கிழமை காலையில் எங்கள் பள்ளி வளாகத்தில் குறைந்தது ஐந்து விசுக்களாவது உலவுவர். தலையை ஒருபுறம் சாய்த்து, விரலை நீட்டி, மூச்சுவிடாமல் வசனம் பேசும் எட்டாம் வகுப்பு விசுக்கள்! வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்களை அடக்குவது உடற்கல்வி ஆசிரியருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆனால் அவருடைய ஆற்றல் பேச்சில் மட்டும் இருந்திருந்தால் நான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்திரேன். நன்றாகப் பேசுவோருக்குத் தமிழகத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு ஊர் ஊராகச் சென்று மேடையேறிய மண் இது. ஒலிபெருக்கி எங்களுக்குப் புதிதன்று. கேட்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது.

கேள் என்னும் நம் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். வினவு என்றும் அதற்குப் பொருள். செவிகொடு என்றும் பொருள். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதனைப் பெயரளவில் அறிந்த மாணவன் கேள்வி கேட்பதைப் பற்றியது அது என்று எண்ணுவான். உள்ளே நுழைந்தால், செவியால் அறிவதன் சிறப்பைத்தான் வள்ளுவர் பேசுகிறார். வினவுவதும் செவிமடுப்பதும் ஒரே செயலின் இரண்டு பாதிகள் என்று கண்டவர்கள்தாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்க முடியும். பேட்டி காண்போருக்கு இலக்கணம் எழுத வேண்டுமானால் இந்த ஒரு சொல்லே போதும்.

விசுவின் அரங்கத்தில் இதனை நான் பலமுறை கண்டேன். மேடைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வருவர். அது பள்ளிக்கூடங்கள் வளர்த்த பழக்கம். அவையோருக்கு வணக்கம் சொல்வதிலேயே ஒரு நிமிடம் போய்விடும், அடுத்து அடுக்குமொழி, அதற்கடுத்து ஒரு மேற்கோள். குழாயில் வரும் நீர்போல எல்லாம் ஒரே வேகத்தில் வரும். விசு அதனை ஓர் அளவு ஓடவிடுவார். பின்னர் இடைமறித்து, மனப்பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பார்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தந்தைக்கு என்ன தொழில், இப்போது சொன்னதை உன் தாயிடம் சொன்னாயா என்பன போன்ற எளிய கேள்விகள். அடுக்குமொழி அங்கே நின்றுவிடும். ஒரு கணம் அமைதி. அதன்பின் வருவது வேறு பேச்சு. சொற்கள் குறைந்திருக்கும், வட்டார வழக்கு தலைகாட்டும், குரல் சற்று இறங்கியிருக்கும். அந்தப் பையன் அப்போதுதான் பேசத் தொடங்குகிறான் என்பது வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் தெரிந்துவிடும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கேள்வி கேட்கும் முறை என்று ஒரு பாடமே இருந்தது. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வியைக் கேளாதே. கேட்டபின் மாணவன் எண்ணுவதற்கு நேரம் கொடு. விடையை நீயே சொல்லிவிடாதே. இம்மூன்றையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள். வகுப்பறையில் இரண்டாவதைப் பின்பற்றுவோர் மிகச் சிலரே. கேள்விக்கும் விடைக்கும் இடையே உள்ள அமைதியை ஆசிரியரால் தாங்க முடிவதில்லை. பாடப்பகுதியை முடிக்க வேண்டுமே என்ற பதற்றம். பல்லாயிரம் பேர் பார்க்கும் நிகழ்ச்சியில், ஒவ்வொரு நொடிக்கும் விலையுள்ள இடத்தில், அந்த அமைதிக்கு இடம் கொடுத்த ஒருவரைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அதனைக் கண்ட பின்னரே எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பரங்கம் என்று ஒன்று தொடங்கினோம். எழுதிக்கொண்டு வந்து படிக்கக்கூடாது; மேற்கோள் கூடாது; தன் தெருவில் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் வகுப்பிலிருந்து யாரேனும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் தாய் திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். ஒரே பந்தலின் கீழ், ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குத் திரும்பும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி எதற்காக என்பதே அவள் பேச்சு. பேச்சு என்பதைவிட அது கணக்கு. வாரத்துக்கு எவ்வளவு குறைகிறது, ஆண்டுக்கு எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், உன் தாய் இதைத் தோட்டக்காரரிடம் கேட்டாரா என்று கேட்டான். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பின், கேட்டால் மறுநாள் வேலை இராது என்றாள். வகுப்பில் ஓர் ஓசையும் இல்லை. பொருளாதாரப் பாடத்தில் கூலி பற்றி ஓர் இயல் இருக்கிறது. அன்று அந்த வகுப்பு கற்றதை அவ்வியல் கற்பிக்காது.

குறைகளையும் கூறவேண்டும். அன்புக்கு உரியவர் என்பதற்காகக் குறையை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

அரட்டை அரங்கத்தில் கண்ணீர் மிகுதி. படிப்புக்குப் பணமில்லாத பிள்ளை, கைவிடப்பட்ட முதியவர், நோயுற்ற குழந்தையின் தாய் ஆகியோர் எழுந்து தம் நிலையைச் சொல்வர். அரங்கில் ஒருவர் எழுந்து நான் உதவுகிறேன் என்பார். எல்லோர் கண்ணும் நிறையும். அவ்வுதவியால் படித்து முன்னேறியோர் இருப்பர். அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கட்டணம் கட்ட வழியில்லை என்று உலகறியச் சொன்ன மாணவன் மறுநாள் அதே வகுப்புக்குத்தானே போகவேண்டும்? அவன் அருகில் அமர்ந்திருப்பவனும் அந்நிகழ்ச்சியைப் பார்த்திருப்பானே? கல்வி உதவித்தொகை ஒரு மாணவனுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியது. தன் வறுமையை விளக்கி அவன் கைதட்டல் பெறவேண்டிய பொருளன்று. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவிடாமல், அந்தந்த மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லும் வழக்கத்தை வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

தீர்ப்புக் கூறுவதில் அவருக்கு இருந்த விருப்பமும் ஒரு குறைதான். கேட்டு முடித்தபின் பல நேரங்களில் நீதிபதியாகி விடுவார். குடும்பம் சிதறக்கூடாது என்பது அவர் கொள்கை. அவர் படங்களிலும் அதுவே. நல்ல கொள்கை. ஆனால் குடும்பத்தைச் சிதறாமல் காக்கும் பொறுமை எல்லாம் பெண்களிடமிருந்தே எதிர்பார்க்கப்படுவதை அப்படங்களைக் காணும் இன்றைய மாணவியர் எளிதில் கண்டுகொள்வர். அவர் வளர்ந்த காலத்தின் வரம்பு அது. அவ்வரம்புக்குள் நின்றுகொண்டும், அவ்வரம்பை மறுத்துப் பேசிய பெண்களின் கையில் அவர் ஒலிவாங்கியைத் தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பிற்காலத்தில் விசு செயா தொலைக்காட்சிக்குச் சென்று மக்கள் அரங்கம் என்ற பெயரில் அதே பணியைத் தொடர்ந்தார். சன் தொலைக்காட்சியின் அரட்டை அரங்கத்தை டி. ராசேந்தர் சில காலம் நடத்தினார். விசய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய நீயா நானாவில், கோபிநாத் நடுவே நிற்க, இரண்டு வரிசையினர் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டனர். மாமியார் ஒருபுறம், மருமகள் மறுபுறம்; ஆசிரியர் ஒருபுறம், மாணவர் மறுபுறம். விசு திரையில் வீட்டின் நடுவே கிழித்த கோடு இங்கே அரங்கத்தின் நடுவே விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கைப்பேசி வந்தபின் ஒலிவாங்கி இல்லாதவரே இல்லை. யாரும் எப்போதும் பேசலாம். அப்பேச்சுக்கு நடுவே வந்து, உன் வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் எத்தனை பேர்?

அரட்டை அரங்கத்தின் சில பகுதிகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. கல்லூரியில் வரலாறும் சமூகவியலும் பயிலும் மாணவர்கள் அவற்றை வேடிக்கைக்காக அன்றிச் சான்றாகப் பார்க்கலாம். ஒரு கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விசு பேசிய நேரம் எவ்வளவு, பிறர் பேசிய நேரம் எவ்வளவு என்று குறியுங்கள். பேசியோருள் பெண்கள் எத்தனை பேர், தொழிலாளர் எத்தனை பேர், எந்தச் சொல்லுக்கு அவை கைதட்டுகிறது, எந்தச் சொல்லுக்கு அடங்குகிறது என்பனவற்றையும் குறியுங்கள். கல்வெட்டைப் படி எடுப்பதுபோல் இதனையும் படி எடுக்க வேண்டும். கல்வெட்டைப் படி எடுக்கையில் மழையால் தேய்ந்த எழுத்தைப் பற்றி நாம் வருந்துகிறோம். ஒளிநாடாவும் தேயும் பொருள்தான். அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிட்டால் எழுத்தின் தடமும் மிஞ்சாது.

விசு 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் தம் 74-ஆம் வயதில் மறைந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தொற்றுநோய் காரணமாக நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்ட நாளும் அதுவே. குச்சனூர்த் தெருவில் ஒருவரும் இல்லை. முந்தைய ஞாயிறுகளில் அவர் குரலுக்காக ஓய்ந்த தெரு அன்று அச்சத்தால் ஓய்ந்து கிடந்தது. இரண்டு நாள் கழித்து நாடே அடைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று மண்டபம் மண்டபமாக மக்களைக் கூட்டிய ஒருவருக்கு, மண்டபம் நிறைய மக்கள் கூடி இரங்கற்கூட்டம் நடத்த அவ்வேளையில் வழியில்லாமற் போயிற்று.

திராட்சைத் தோட்டத்துக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய மாணவி இப்போது எங்கள் ஊருக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவ்வூர்க் கிராம சபைக் கூட்டம் ஒன்றுக்கு நான் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். தீர்மானங்களைப் படித்து முடித்து, கையெழுத்துக்காகப் பேரேட்டைச் சுற்றுக்கு விட்டபோது, அவர் எழுந்து, தெருக்குழாயில் எந்தெந்த நாள் தண்ணீர் வந்தது, எந்தெந்த நாள் வரவில்லை என்று ஒரு பழைய நாட்காட்டித் தாளில் குறித்து வைத்திருந்ததைப் படித்தார். படித்துவிட்டு ஏன் என்று கேட்டார். அலுவலர் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். அந்த அம்மையார் உட்காரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. தாளைக் கையில் பிடித்தவாறு விடைக்காக நின்றுகொண்டிருந்தார்.